பெரட்டு என்றால் வந்து நிற்கும்

பெருமாள்மலையில் ஜாதி நாய்களோடு எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். தெருநாய்க்கு ‘அங்கிட்டுப் போ’, லாப்ரடாருக்கு ‘கோ, கோ’. டீக்கடைக்காரர் தன் அல்சேஷனிடம் மரியாதையாக ‘நோ’ என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் மச்சானை ஏலே என்பார்.

ஒரு தீபாவளி கழிந்த வாரம், என் வாடகை வீட்டு வாசலில் ஒரு லாப்ரடார் வந்து படுத்திருந்தது. வெண்ணெய் நிறம், நனைந்த காது. லீவுக்கு வந்த யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று டீக்கடை தீர்ப்பு சொன்னது. எந்த ஜாதிக்கு என்ன குணம் என்பதிலும் அந்தக் கடைக்குத் தீர்ப்பு உண்டு. பொமரேனியன் தட்டு விழுந்தாலும் குரைக்கும். ராஜபாளையம் ஒரே ஆள் கைச் சோற்றைத்தான் தின்னும். பெர்சியன் பூனை விருந்தாளியாக வந்து கட்டிலைப் பிடித்துக்கொள்ளும்.

“லாப்ரடார் மட்டும் ஊருக்கே சொந்தம்ங்க. திருடன் வந்தா டார்ச் அடிச்சு வழி காட்டும். நீங்களே வச்சுக்கங்க” என்றார் கடைக்காரர்.

நான் ஐம்பது வயது வரை எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்காதவன். சாவியைத் திருப்பிக் கொடுத்தே பழகிய கை. ஆனாலும் எந்த ஊரிலும் வீடு திரும்பும்போது ஓர் ஆசை கூடவே நடக்கும்: என் காலடிச் சத்தத்துக்கு ஏதோ ஓர் உயிர் தலையைத் தூக்க வேண்டும்.

சிட் என்றேன். கம் என்றேன். ஷேக்ஹேண்ட் என்று கையை நீட்டினேன். வாலை ஆட்டியது, அவ்வளவுதான். அந்த நிறத்தைப் பார்த்தால் எனக்கும் வாயில் தமிழ் வரவில்லை. மக்கு நாய் என்று முடிவு கட்டினேன். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது, மக்கு நாயைத் தேடி யார் வரப்போகிறார்கள். சாயங்காலங்களில் நான் வளைவு திரும்பும்போது அது கேட்டருகே சாலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். என் நடை வேகமெடுக்கும். எனக்காக, எனக்காக.

தை மாதப் பனியில் ஒரு காலை, டீக்கடை முன்னால் பண்ணைக்காடு பஸ்ஸுக்காக ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு நின்றிருந்தாள். பிள்ளைகள் சாலைக்கு ஓடின. அவள் குரலை உயர்த்தாமல், “பெரட்டு, பெரட்டு” என்றாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து வரிசையில் நின்றன. என் பக்கத்தில் இருந்த நாயும் பாய்ந்து போய் மூன்றாவது ஆளாக, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தது.

டீக்கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள், பிறகு நிறுத்தினாள்.

“இது யாரு நாயிங்க?”

என் நாய் என்றேன்.

அவளுடைய பெற்றோர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அங்கே காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயராம். இங்கே காப்பித் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடவும் இன்னும் அதுதான் சொல்.

“எங்க லயத்து நாயி ஒண்ணு தீபாவளி வெடிக்கு ஓடிப்போச்சு. வளத்த அண்ணன் இன்னமும் பொழுது சாயுறப்ப ரோட்டுல நின்னு பெரட்டு, பெரட்டுன்னு கூப்புடுறாரு. பேய்க்கா பேர் கூப்புடுறீங்கன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்.”

பஸ் வந்தது. நாயை அவள் கேட்கவில்லை. அதன் தலையை ஒரு தரம் தடவிவிட்டு ஏறிப் போனாள்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். சொல்தானே, நானும் கற்றுக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். நாலாம் நாள் சாயங்காலம் முற்றத்தில் நின்று மெல்லச் சொன்னேன், பெரட்டு. குதித்து வந்தது, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தது. பிறகு அதன் கண் என் தோளைத் தாண்டிச் சாலைக்குப் போனது. சொல்லுக்கு உரியவர் என் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதுபோல். இத்தனை சாயங்காலமும் கேட்டருகே நான் எனக்கென்று வாங்கிக்கொண்ட பார்வை அதுதான்.

மறுநாள் பொழுது சாயும் வேளையில் ஜீப்பில் பண்ணைக்காடு போனோம். லயங்கள் தெரியும் முன்பே, காப்பிச் செடிகளுக்கு அப்பால் அந்தக் குரல் கேட்டது. என் மடியில் அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. கயிற்றை விட்டேன். குதித்து ஓடியது, திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மனிதர் அழுது முடித்து, முகத்தைத் துண்டால் துடைத்து, எனக்குக் காப்பி கொடுத்தார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, “கோச்சுக்காதீங்க சார். அது எல்லாருகிட்டயும் ஒட்டிக்கும், அது கொணம் அப்பிடி” என்றார்.

ஆமாம், லாப்ரடார் அப்படித்தான் என்றேன்.

இப்போதும் சாயங்காலம் வளைவு திரும்பும்போது நடை தானாக வேகமெடுக்கிறது. கேட்டருகே யாருமில்லை என்பது காலுக்கு இன்னும் தெரியவில்லை.