எட்டிப் பார்க்காத கிணறு

ஆந்திரா தனி மாநிலமாகி, எங்கள் பக்கத்து ஊர்கள் எந்த மாநிலத்தில் சேரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். நிலங்களுக்கு மதிப்பு எழுதித் தருவது என் தொழில். நகரி அருகே அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரிக்க என்னை அழைத்தார்கள்.

அண்ணன் எனக்குப் பழக்கமானவர். விருந்து வைத்துவிட்டு, "கெழக்கு காட்டுல கெணறு தூந்து பூடுச்சிங்க. வெயில்ல என்னாத்துக்கு நடக்கணும்? மாநில எல்ல முடிவானா பதிவு ஆபீசு மாறிடும், சீக்கிரம் எழுதுங்க" என்றார். நானும் அந்த நிலத்தை மழையை மட்டும் நம்பிய மானாவாரி என்று மதிப்பைக் குறைத்து எழுதிவிட்டேன். அதன்படி அந்தக் காடு முழுவதும் அண்ணனுக்கு, வீட்டருகே சிறு துண்டு தம்பிக்கு என்று, அண்ணன் பேச்சைத் தட்டாத தம்பியும் சம்மதிக்க, பத்திரம் தயாரானது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தில் தம்பியின் மனைவி என்னிடம் வந்தார்.

"ஐயா, அந்தக் கெணத்த நீங்க எட்டிப் பாத்தீங்களா?"

"இல்லம்மா" என்றேன். என் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேரே காட்டுக்குப் போனேன். அங்கே இரண்டு மாடுகள் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலையை இழுத்துக்கொண்டிருந்தன. ஆள் உயரத்துக்குக் கரும்பு நின்றது.

கையெழுத்து விழாமல் தப்பியதை நினைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் திருத்தி எழுதிக் கொடுத்தேன், பாகம் சரிபாதியானது. அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

இப்போதெல்லாம் இரு தரப்பாரையும் அழைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வந்த பிறகே பேனாவை எடுக்கிறேன். அதுவரை யார் வீட்டிலும் மோர்கூடக் குடிப்பதில்லை.

- ஒரு வாசகர், புத்தூர்