எங்கள் பசு கைதான நாள்

அன்று காலை மாட்டுக்கொட்டகையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், பிறந்து மாதமாகாத கன்று இருந்தது. பசு இல்லை.

முளையைப் பிடுங்கிக்கொண்டு மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறது. அங்கே ஒரு ஜவுளிக்கடை வாசலில் தொங்கிய சீமைத் துணியை இழுத்து அரை முழம் மென்றுவிட்டது. அன்னியத் துணி மறியல் நடந்துகொண்டிருந்த காலம், தெருவே கைதட்டியதாம். முனிசிபாலிட்டி ஆள் மட்டும் தட்டாமல், கயிறு போட்டு, அலையும் மாடுகளை அடைக்கிற பவுண்டுக்கு ஓட்டிப்போனான்.

எதிர்வீட்டு வளையல்காரப் பாய்தான் ஓடிவந்து சொன்னார். "அண்ணே, உங்க பசுவைக் கைது பண்ணிட்டாங்க!"

கன்று கத்தத் தொடங்கிவிட்டது. பொழுது சாய்வதற்குள் தாய் வந்தாக வேண்டும்.

"மனு எழுதுடா" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். 'என் தந்தையாரின் பசு இன்று காலை கைது செய்யப்பட்டமையால்' என்று தொடங்கி எழுதிப் பாய்க்குப் படித்துக் காட்டினேன். அதோடு விடவில்லை. "கையைக் கட்டிக் கூட்டிட்டுப் போறதாலதான் பாய் அது கைது. நல்ல தமிழ்" என்றேன்.

"மாட்டுக்கு ஏது தம்பி கை? அது எங்க உருதுலேர்ந்து வந்தது. கைத்னா சிறை. இப்போ ஊரெல்லாம் அதே பேச்சு, அதான் உங்களுக்குச் சொந்தமாத் தெரியுது."

"வார்த்தை யாரோடதா இருந்தா என்ன, கன்னு கத்துது. கிளம்புங்க" என்றாள் அம்மா.

பவுண்டு குமாஸ்தா மனுவைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, உன் மாடு என்ன மறியலா பண்ணுச்சு?"

அப்பா நிமிர்ந்து நின்றார். "ஆமாங்க. சீமைத் துணியைக் கிழிச்சிருக்கு. நீங்களே விசாரிச்சுப் பாருங்க."

ஆடு மீட்க வந்திருந்தவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அப்ப அதுக்கு ஏ கிளாஸ் ஜெயில் குடுங்க சாமி. எங்க ஆடு சி கிளாஸ்லயே கிடக்கட்டும்!"

குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு 'கைது செய்யப்பட்ட' என்பதை அடித்து, 'பிடித்து அடைக்கப்பட்ட' என்று மேலே எழுதினார். "மாட்டைப் பிடிக்கலாம் தம்பி, அடைக்கலாம். கைதுங்கறது மனுஷனுக்குக் குடுக்கற மரியாதை."

துணிக்கு விலை கேட்டு ஜவுளிக்கடைக்காரர் வரவில்லை. கேட்டால் மறியல்காரர்கள் தன் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயந்திருப்பார். அதனால் அன்றைக்கே ரசீது கிடைத்தது. உரக்கப் படித்தேன்: "பசு ஒன்று விடுதலை."

"கைதே இல்லேன்னா விடுதலை எங்கேர்ந்துங்க வந்துச்சு?" என்றார் அப்பா. இந்தத் தடவை குமாஸ்தாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பசு மடி ததும்ப முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம். தெருமுனையில் அது குரல் கொடுத்ததுமே கொட்டகையிலிருந்து கன்று பதில் சொன்னது. அந்த விடுதலைக்கு எங்களுக்கு ஆனது, அபராதம் எட்டணா, தீனிக்கு இரண்டணா, ஆகப் பத்தணா.