கைலா

ஃபிஜித் தலைநகர் சுவாவில், எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக்கொரு முறை உளவியல் தேர்வு உண்டு. யாருக்கு ஆத்திர குணம், யார் வேலையிடத்தில் வம்பு செய்வார்கள் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுமாம். விடைகளைக் கூட்டிப் பார்ப்பது என் வேலை. வரதோலி என்ற கரும்புக் கிராமத்திலிருந்து வந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்குப் போனவள் நான். அந்த நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்காருவேன்.

அடுத்த மேசைக்காரி தீவின் பூர்வகுடிப் பெண்; நான் இந்திய வம்சாவளி. என்னைத் திட்டாமல் அவளுக்குத் தேநீர் இறங்காது. எங்கள் பேச்சு ஃபிஜி இந்தியில். என்னைப் 'பகினி' என்பாள், தங்கச்சி என்று.

"பகினி, தலைக்கு எண்ணெய் வெச்சியா, எண்ணெயில தலைய முக்குனியா?"

"உன் சிரிப்பக் கேட்டுத்தான் மீனெல்லாம் ஆழத்துக்கு ஓடிடுச்சு. சந்தையில விலை ஏறிப் போச்சு."

"இந்தியாவுக்கே போயிடு நீ! கைலா!"

கைலா என்றால் சும்மா சொன்னேன் என்று பொருள். அவள் ஊரில் முறை உள்ளவர்கள்தான் அப்படி ஏசிக்கொள்வார்களாம். எனக்கும் அவள் மாமன் மகள் மாதிரிதான்.

'சக ஊழியரைக் கேலி செய்வீர்களா?' என்ற கேள்விக்கு இருவருமே 'தினமும்' என்று எழுதினோம். இருவருக்கும் ஆத்திர குணம் அதிகம் என்று வந்தது. அதையும் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு ஆட்சிக் கவிழ்ப்பு. இந்தியர் கை ஓங்கிய அரசு என்று சொல்லிப் படையினர் அதைத் தூக்கியெறிந்தார்கள். எங்களைப் பார்த்து இந்தியாவுக்கே போ என்று தெருவில் கூட்டமாகக் கத்தினார்கள். கத்தி முடித்து யாரும் கைலா சொல்லவில்லை. அலுவலகத்தில் என் ஆட்கள் ஒவ்வொருவராக ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போனார்கள். நான் போகவில்லை. அடுத்த மேசைக்காரியின் பேச்சுதான் மாறிப்போனது. "குட் மார்னிங், மேடம்" என்றாள். என் எண்ணெய்த் தலையைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு அவள் விடைத்தாளில் 'ஒருபோதும் இல்லை' என்றிருந்தது. என்னுடையதிலும் அதுதான். மேலாளருக்கு ஒரே மகிழ்ச்சி.

"பாத்தியாம்மா? இப்பதான் ஆபிஸ் ஆபிஸ் மாதிரி இருக்கு."

நாங்கள் எழுதியதைத்தான் அந்தத் தேர்வு படித்தது. நாங்கள் இருவரும் நாள் முழுக்க எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை அது எங்கே கேட்டது?

அவளே தொடங்கட்டும் என்று பல மாதம் காத்திருந்தேன். என் வீம்பு அப்படி. கடைசியில் ஒரு மழை நாளில் நானே கேட்டேன்.

"ஏன்டீ, நான் இந்தியாவுக்குப் போறதா, வேணாமா? சொல்லித் தொலை."

'போயிடு' என்று அவள் ஏசினால் சேர்த்துச் சொல்ல, கைலா என்ற சொல்லை வாயில் தயாராக வைத்திருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. தட்டச்சுப் பொறியிலிருந்து கையை எடுத்தாள்.

"போகாத, பகினி" என்றாள், மெதுவாக.

எனக்கு வேண்டியிருந்தது பழைய ஏச்சு, அந்தப் பதில் இல்லை. தலையை ஆட்டிவிட்டு, அடுத்த விடைத்தாளை எடுத்துக் கூட்டத் தொடங்கினேன்.