எஞ்சினை அணைத்துப் பார்த்த எண்ணெய்

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளிக்கு நான் டிரைவர். அவருடைய அமெரிக்கக் காருக்குக் கிளட்ச் கிடையாது. தானே கியர் மாற்றிக்கொள்ளும். சில வாரங்களாகக் கியர் மாறும்போதெல்லாம் உதைத்தது. வெடிமருந்து கிடக்கும் இடம் என்பதால் கம்பெனிக்குள் நுழைந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவோம். அப்படி அணைத்த பிறகே தினமும் அளவுக்கம்பியை எடுத்துக் கியர் எண்ணெயைப் பார்த்தேன். நிறைந்தே இருந்தது.

ஒரு நாள் முதலாளியின் மகளைப் பிரசவ வலியோடு விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். திருத்தங்கல் ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேல், எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை.

"அண்ணே, பிள்ளையை இங்கனயே பெத்துக்கிடவா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரயில் வருது, எடுங்கய்யா!" என்று கேட்காரர் கத்தினார்.

ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று வண்டி ஓர் உதை உதைத்து அந்தப் பக்கம் பாய்ந்தது. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது.

விருதுநகர் மெக்கானிக், "அணைச்சுட்டுத்தானே பாக்கீக? அணைச்சா எண்ணெய் கீழ வடிஞ்சு நிறைஞ்சாப்பல காட்டும்" என்றார். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் கம்பியின் நுனிகூட நனையவில்லை. கசிவை அடைத்து எண்ணெய் ஊற்றியதும் உதை நின்றது.

இப்போது கம்பெனிக்கு வெளியே, சாலையில், எஞ்சினை ஓடவிட்டுத்தான் பார்க்கிறேன். "ஏன்யா, வண்டி கெட்டுப்போச்சா?" என்று போகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இங்கே எழுதிவிட்டேன்.