அண்ணிக்கு ஒரு கத்தி

மீன் இறங்குதுறையில் மீனைக் கத்தியால் கீறி முள்ளெடுக்கும் மேசையின் முதல் இடத்தில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவள் எங்கள் அண்ணி. ஒருநாள் காலை எழுந்தபோது அவளுடைய வலது கை தோளிலிருந்து துவண்டு கிடந்தது. வைத்தியத்தில் கை மேலே எழும்பியது. விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை வந்து மேசையில் நின்று காட்டச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. முடியாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

"பழைய கத்தியோட பிடி ஒல்லி, அதான் நழுவுது. கைக்கேத்த மாதிரி ஒண்ணு செஞ்சுட்டாப் போதும்," என்றாள் அண்ணி. எங்களுக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

அண்ணன், அண்ணி, நான், மூவருமாகக் கிளம்பினோம். கத்தி செய்கிறவர்களில் முதல் ஆள் கடைவீதியில் இருந்தார். மான்கொம்புப் பிடியும் தோலுறையுமாக வேட்டைக் கத்திகள் கண்ணாடி அலமாரியில் நகைபோல மின்னின. களிமண் உருண்டை ஒன்றைக் கொடுத்து அண்ணியை அழுத்தச் சொன்னார். விரல் தடங்கள் மேலோட்டமாகத்தான் பதிந்தன.

"இந்த அச்சுலயே பிடி பண்ணித் தரேன்க்கா. கையோட ஒட்டிக்கும். சனிக்கிழமையே வாங்கிக்கலாம்."

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெளியே வந்ததும், "இங்கயே முடிச்சிரலாமே," என்றான்.

"இன்னொரு ஆளையும் பாத்துரலாம்," என்றாள் அண்ணி.

"பொண்ணு பாக்கவே நான் ஒரு வீட்டுக்குத்தான் போனேன்."

"அதான் இன்னிக்கு வரைக்கும் புலம்புறீங்களே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாமவரின் பட்டறை வீட்டுக் கொல்லையில், துணி காயும் கொடிக்குப் பின்னால் இருந்தது. வேட்டைக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் கத்தி செய்கிறவர். அண்ணி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, வீட்டுக்குள் பார்த்து மீன் கேட்டார். அவர் மனைவி தட்டோடு வந்தாள்.

"ராத்திரிக்கு வச்சிருந்தது. நாசம் பண்ணிராதீங்க."

பருத்த பிடி உள்ள கத்தி ஒன்றைக் கொடுத்தார். அது சரிப்படவில்லை. நடுத்தரமாக ஒன்று. பிறகு கயிறு சுற்றிய இன்னொன்று. அதன் அலகு நடுமுள்ளில் தட்டி வழுக்கி, அண்ணியின் இடது கட்டைவிரலை உரசாத குறையாகப் பலகையில் குத்தி நின்றது. அவர் கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"பிடியில குத்தமில்லக்கா. எதைச் செஞ்சு கொடுத்தாலும் இந்தக் கையோட மேசைக்குப் போகாதீங்க. விரல் போயிரும். என்னால முடியாது."

"டாக்டரே இப்படிச் சொல்லல," என்று எகிறினான் அண்ணன். "எந்திரி, போலாம். அவருதான் சனிக்கிழமை தரேன்னாரே."

அண்ணி எழுந்திருக்கவில்லை. குதறிக் கிடந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கம்மா."

"அட விடுங்கக்கா, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்," என்றாள் அந்த மனைவி.

அண்ணி புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "அவரு தருவாரு. திங்கட்கிழமை நான் எப்படியாவது நின்னும் காட்டிருவேன். செவ்வாக்கிழமை?"

பிறகு கத்தி செய்பவர் பக்கம் திரும்பினாள். அவள் தன் இடது கையை விரித்துப் பலகைமேல் வைத்தாள்.

"இதுக்குச் செய்வீங்களா?"

"இந்தக் கையால எதையாவது வெட்டியிருக்கீங்களா?"

"வெங்காயம்கூட வெட்டினதில்ல."

"அலகை மறுபக்கமாத் தீட்டணும். கை பழக ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் உங்க மேசை காத்திருக்காதுக்கா."

"தெரியும். அளவெடுங்க."

திங்கட்கிழமை அண்ணி துறைக்குப் போனாள். மேஸ்திரி கேட்பதற்கு முன்பே, "என் இடத்துக்கு ஆளைப் போட்டுக்குங்க. எனக்குப் பெட்டி கழுவுற வேலை குடுங்க," என்றிருக்கிறாள். அண்ணியின் இடத்தில் போய் நின்ற பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டதாம். கையில் ரப்பர் குழாயோடு அண்ணி அவளை அதட்டினாளாம்:

"நீ எதுக்குடி அழற? கையப் பாத்து வெட்டு."