ஒரு கப்பல் உரசிய மாலை

மகள் கடற்படையில் சேர்ந்ததிலிருந்து எங்கள் வீட்டில் தொலைக்காட்சிச் செய்தி குறைந்த சத்தத்தில்தான் ஓடும். அன்று நாங்கள் குடியிருக்கும் ரோவிலில் மழை. பருப்பை அவிய வைத்துவிட்டுக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். திரை முழுக்கக் கரும்புகை. சிட்னியில் கடற்படைக் கப்பல் விபத்து என்று கீழே எழுத்து ஓடியது. அவள் வேலை செய்யும் கப்பல்.

கரைக்கு அணையும்போது மோதிவிட்டதாம். செய்தி அவ்வளவுதான். மிகுதி நேரமெல்லாம் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் வரைபடத்தில் சிவப்பு அம்புகளைக் காட்டி, கப்பலைக் கரையில் கட்டத் தெரியாதவர்கள் நாட்டை எப்படிக் காப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. புகை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

மகளின் போன் நிறுத்தப்பட்டிருந்தது.

வட்ஸ்அப்பில் செய்தி தமிழுக்கு வந்தபோது கப்பலே எரிந்துகொண்டிருப்பதாக ஆகிவிட்டது. யாரோ தாக்குதல் என்றும் சேர்த்திருந்தார்கள். நாங்கள் விட்டுவந்த ஊரில் கடற்படை பற்றிச் செய்தி வந்தால் பின்னால் சவங்கள் வரும். வேறு மாதிரி வாசிக்க எங்களுக்குப் பழக்கமில்லை.

மகளைச் சிறுவயதில் பார்த்துக்கொண்ட அக்கா ஒருவர் பக்கத்து ஊரான நோபல் பார்க்கிலிருந்து வந்தார். கையில் இடியப்பமும் சொதியும்.

"நீ ஒண்டும் சமைக்காதை, பிள்ளை."

நேரே குசினிக்குள் போய்ப் பருப்புக்குக் கீழே எரிந்த அடுப்பை நிறுத்தினார். சாவு விழுந்த வீட்டில்தான் நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை.

"அக்கா, இன்னும் ஒண்டும் தெரியாது."

"ஓம், ஓம். நீ இரு."

கனநேரம் என் கையைப் பிடித்தபடி கதிரையில் இருந்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். என்னைப் பாராமல் மழைக்குள் இறங்கினார். விடைபெறும்போது எப்போதும் சொல்லும் போட்டு வாறனைச் சொல்லவில்லை. செத்த வீட்டிலிருந்து அப்படித்தான் போவோம். நான் மறுபடியும் மறுபடியும் மகளின் எண்ணை அழைத்தேன்.

இருட்டும் நேரத்தில் மகள் அழைத்தாள்.

"அம்மா, ஏன் இத்தனை மிஸ்ட் கோல்? போனை உள்ள வச்சுப் பூட்டிட்டினம்."

"புகை?"

"அது வேற கப்பல், பழைய வீடியோ. எங்கட கப்பலுக்குக் கொஞ்சம் பெயின்ற் போச்சு. சமையல்காரரின்ர சூப்பும் ஊத்துண்டு போச்சு, அதையும் நியூஸில போடச் சொல்லுங்கோ. சரி அம்மா, பாய்."

"பாய் சொல்லாதை. போட்டு வாறன் எண்டு சொல்லு."

"நான் எங்க போறன்? கப்பலிலதானே நிக்கிறன்!"

"சொல்லு."

சிரிப்பில்லாமல் சொன்னாள்.

பருப்பை மீண்டும் சூடாக்கப் போனேன். அக்கா நிறுத்திய அடுப்பை மூட்டினேன். தொலைக்காட்சியில் இன்னும் அதே புகை.

மாதங்கள் போய்விட்டன. இப்போதும் யாராவது எங்கள் வாசலில் செருப்பை மாட்டினால், அவர்கள் வாய் திறக்கும்வரை என்னால் மூச்சுவிட முடிவதில்லை.