பின்விளக்குச் சில்லுக்குத் தங்கப் பெயிண்ட்

‘சிவப்புச் சில்லு, உள்ளங்கை அகலம். கீழப்பழுவூர் வளைவு. தம்பி விழுந்த மறுநாள் காலை.’ ஐப்பசி முதல் செவ்வாய்க்குக் கீழே என் டைரியில் இப்படி இருக்கிறது.

முந்திச் சென்ற சிமெண்ட் லாரி ஒடித்துத் திரும்பியபோது அதன் பின்பக்கம் தன் பைக்கை இடித்தது என்றான் தம்பி. லாரி நிற்கவில்லை. அவனாகவே சறுக்கி விழுந்ததாக ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். சில்லை நீட்டினேன். “ரோட்டுல ஆயிரம் ஒடஞ்சு கெடக்கும்மா, எடுத்துட்டுப் போங்க” என்றார் எழுதியவர்.

எடுத்துக்கொண்டுதான் போனேன். அந்தச் சாலை நெடுகப் பொறுக்கிய விளக்குச் சில்லுகளில் ஊசியைச் சுட்டுத் துளையிட்டு, சிமெண்ட் மூட்டை தைக்கும் நூலில் மாலையாகக் கோத்தேன். நடுவில் தம்பியின் சில்லு. அதன் விளிம்பில் அச்சான எழுத்துகளைத் தொடாமல் துளையிட்டேன். போட்டோவைப் பார்த்த பெரம்பலூர் மெக்கானிக், “எழுத்து சரியா தெரியலங்க, பொருள நேர்ல கொண்டாங்க, எந்த வண்டிதுன்னு சொல்லிடுறேன்” என்றிருந்தார். அரியலூரில் கழிவுக் கலைக் கண்காட்சி முடிந்ததும் போவதாக இருந்தேன். சிவப்புச் சில்லுகளை நாலு பேர் பார்க்கட்டும், எந்தச் சாலையில் எடுத்தது என்று கேட்கட்டும் என்று நினைத்தேன்.

மாலையைக் கண்காட்சியில் கொடுத்துவிட்டு மறுநாள் போனால், அது முழுக்கத் தங்க நிறம். ஸ்பிரே அடித்திருந்தார்கள்.

“என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்று கத்தினேன்.

“பொம்பளைங்க போடுற சாமான் பளபளன்னு இருக்க வேணாமாக்கா? கவரிங் மாதிரி எப்புடி ஜொலிக்குது பாருங்க! ரெண்டாவது பரிசு ஒங்களுக்குத்தான்” என்றார் பொறுப்பாளர், நிஜமான சந்தோஷத்தோடு. அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சாலையில் உடைந்ததை உடைந்ததாகப் பார்க்க ஒருவருக்கும் கண் இல்லை. பூசி மறைத்த பிறகு கை தட்டினார்கள்.

ஊன்றுகோலோடு வந்திருந்த தம்பி மாலையைத் தூக்கிப் பார்த்தான். “விடுக்கா, நஷ்டஈட்ட தங்கமாவே குடுத்துட்டாங்க.”

நான் சிரிக்கவில்லை. பரிசை வாங்காமல் மாலையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வந்த ஆத்திரத்தில் தின்னரை ஊற்றித் தேய்த்தேன். பெயிண்ட் போயிற்று. பிளாஸ்டிக்கும் இளகி, விளிம்பில் இருந்த எழுத்துகள் வழிந்து போய்விட்டன. மெக்கானிக் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

தம்பியின் பைக்கிலும் பின்விளக்கு உடைந்திருந்தது. அந்தச் சில்லு லாரியினுடையதா, பைக்கினுடையதா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.